அறுபத்தேழு பாகை

பகல் முழுக்கக் குருநகர் ஐஸ் பக்ரறியில்
உப்புநீரை மறை பத்தில் பிடித்து வைத்திருப்பவன் நான்.
கொம்பிறசரின் இருமலைக் கேட்டே
எந்த வால்வு கள்ளம் செய்கிறதென்று சொல்லுவேன்.
இரவில், குசினியில்,
ஒரு பானைத் தண்ணீர் என்னைப் பேய்க்காட்டுகிறது.

அறுபத்தேழு வேண்டும். ஒரு மணித்தியாலம்.
கூடிப்போனால் உமி கயர்க்கும்,
வாழைப்பூப் பிசின்போல நாக்கில் ஒட்டும்.
குறைந்தால் மா மாவாகவே கிடக்கும்,
இனிக்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும்.
இரண்டு மூன்று பாகை அகலத்தில் ஒரு ஒழுங்கை.
இருட்டில், லைற் இல்லாத சைக்கிளில்,
இரண்டு மதிலிலும் முட்டாமல் போகவேணும்.

பார்லி கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தது,
கோழித்தீன் என்று எழுதிய பையில்,
முளைகட்டி, காய்ந்து, உடைபட்டு.
வெள்ளைத் துணியில் பொட்டலமாய்க் கட்டி இறக்கினேன்.
எழுபத்திரண்டு சடாரென்று அறுபத்தைந்து.
காஸை ஒரு நூல் கூட்டினேன்.
அடியில் எழுபத்து நாலு என்றது தேமாமீற்றர்,
நடுவில் அறுபத்தெட்டு,
விளிம்பில் அறுபத்து மூன்று.
ஒரே பானைக்குள் மூன்று ஊர்.
அகப்பையால் கிண்டி
அவர்களை ஒன்றாக்கவே பத்து நிமிடம் போனது.

"என்ன, ஹோர்லிக்ஸ் மணக்குது?"
மதிலுக்கு அங்காலே ஞானரதி அக்கா.
"ஓமக்கா, ஹோர்லிக்ஸ்தான்."
"இவ்வளவுக்கோ?"

இருபத்து மூன்றாவது நிமிடம்
நீலச் சுடர் இரண்டு தரம் விக்கியது.
பிறகு இல்லை.
சிலிண்டரைச் சரித்தேன், ஆட்டினேன்,
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன்.
பத்தரை மணிக்கு எந்தக் கடை திறந்திருக்கும்?
வேலையிடத்து ரெஜிபோம் பெட்டி ஒன்று பின்னால் கிடந்தது.
மூடியைத் திறந்தால் இறால்.

பெனடிக்ரா மேசையில் இருந்தாள்,
முன்னால் அவளுடைய அண்ணன் அனுப்பிய படிவம்,
இரண்டு கிழமையாய் முதல் பக்கத்திலேயே.
பேனாவை மூடிவிட்டு எழும்பிப் போனாள்.
அலுமாரிக் கதவு கிரீச்சிட்டது.
கறுப்புக் கோட்டோடு வந்தாள்.
மறை முப்பதுக்குத் தைத்தது,
ஒரு மாசி மாதம் அண்ணன் உடுத்திக்கொண்டு வந்து இறங்கி
வியர்த்து, கழற்றி, மறந்துபோனது.
பானைக்கு அதைப் போர்த்தி
ஸிப்பைக் கழுத்துவரை இழுத்தாள்,
கைகள் இரண்டையும் முன்னால் முடிச்சுப் போட்டாள்.
அடுப்பில் யாரோ குளிரில் குந்தியிருந்தார்கள்.

இனி அடுப்பும் இல்லை, கிண்டலும் இல்லை.
ஐஸ் ரூம் கதவைத் திறந்து திறந்து பார்க்கிற பெடியனை
தினமும் ஏசுகிறவன் நான்.
என் கை மூடிக்குப் போனது.
தட்டிவிட்டாள்.

"அண்ணாவுக்கு என்ன சொல்லுறது?"
"இது முடியட்டும்."
"போன முறை கூரை முடியட்டும் எண்டனீர்."
நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன்.
அவள் என்னைப் பார்த்தாள்.
முப்பத்தேழு நிமிடம்
இரண்டு பேர் ஒரு குசினியில்
குரலைக் கூட்டாமல் இருப்பது
அப்படியொன்றும் லேசான வேலையில்லை.

திறந்தோம். அறுபத்தைந்தரை.
வெள்ளைச் சோசரில் ஒரு துளி ஊற்றி
மருந்துப் பெட்டி அயடினைச் சொட்டினேன்.
மா மிச்சமிருந்தால் கறுக்கும்.
தேத்தண்ணி நிறத்திலேயே நின்றது.
அவள் விரலைத் தொட்டு நக்கினாள்.
"சீனி போட்டனீரோ?"
"இல்லை."
இன்னொரு தரம் நக்கினாள்.

பொட்டலத்தைத் தூக்கும்போது
கோட்டின் கையில் ஊற்றுப்பட்டது.
காலையில் தோய்த்துக் கொடியில் போட்டாள்.
பங்குனி வெயிலில் தலைகீழாய் ஒரு கனடா.
ஞானரதி அக்கா மதிலில் கையூன்றிக் கேட்டா:
"ஆர் வெளிக்கிடுறியள்?"

பெனடிக்ரா கொடியருகே போய்
கோட்டின் உள்துணியைப் பிழிந்து பார்த்தாள்.
"இன்னும் காயேல்லை அக்கா" என்றாள்.